பேட்டரி அறை வாசலில் ஒரு மோதிரம்

இன்று காலை வீட்டு இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர் பேட்டரி மூடிகளைத் திறந்தார். தொண்டையைக் கீறும் அமில வாடை கூடத்துக்குள் வந்தது. என் கணவரின் நினைவுதான் முதலில் வந்திருக்க வேண்டும். அதிலும் நீ முந்திக்கொண்டாய். செத்தும் உன் புத்தி மாறவில்லை.

ஓசூர் துணைமின் நிலையத்தில் அவர் இன்ஜினியர். நீ டிப்ளமோ முடித்துவிட்டு அவருக்குக் கீழே ஆபரேட்டராக வந்தவள். தினமும் கெலமங்கலம் பஸ்ஸில் வருவாய். ஊர் முழுக்க மின்சாரம் போனாலும் நிலையத்தின் பாதுகாப்புக் கருவிகள் நின்றுவிடக் கூடாது என்று ஓர் அறை நிறையப் பேட்டரிகள் இருந்தன. சார்ஜ் ஏறும்போது அவற்றிலிருந்து எரியும் வாயு கிளம்பும். ஒரு பொறி போதும். அதனால் அவர் ஒரு விதி வைத்திருந்தார். ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போகிறவர் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது.

விதியில் எனக்குக் குறையில்லை. என் அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரத்தை அவர் கழற்றி உன்னிடம் கொடுப்பதும், நீ அதைச் சேலை நுனியில் இரட்டை முடிச்சிட்டு இடுப்பில் செருகிக்கொள்வதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மோதிரம் வைக்க டிராயர் இல்லையா?" என்று கேட்டேன்.

"டிராயருக்கு வாய் கிடையாது. அவ கேட்டு வாங்கி வச்சுக்குவா" என்றார்.

குவார்ட்டர்ஸ் கொல்லையில் நின்றால் உங்கள் குரல்கள் கேட்கும். உள்ளிருந்து அவர் ஒவ்வொரு பேட்டரி செல்லின் அளவையும் சொல்வார். வாசலில் நீ திருப்பிச் சொல்வாய். ஒன்றில் அளவு இறங்கியிருந்தால், "அது நேத்தே மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருந்துச்சு சார்" என்பாய். அவர் சிரிப்பார். வீட்டில் நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு பேட்டரி அறைக்கு வந்தேன். வாயுவை வெளியேற்றும் விசிறி பழுதாகி நின்றிருந்தது. பேட்டரிகள் கொதிப்பதுபோல் இரைந்தன. அவர் உள்ளே, கோடியில், ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார். நின்ற விசிறியைப் பார்த்தால் யாரும் செய்வதையே செய்தேன். வாசலருகே இருந்த சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

நீ பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய். கண்ணாடி வளையல்கள் நொறுங்கின.

"தொடாதீங்க அக்கா! சுவிட்சுல பொறி வந்துச்சுன்னா சார் மொத்தமா போயிருவாரு!"

"என் வளையலை உடைக்க நீ யாருடி?"

"திட்டறத வெளிய போய்த் திட்டுங்க. கேரியரையும் எடுத்துக்கங்க."

அவர் இருமிக்கொண்டே வெளியே வந்தார். ரத்தம் கசியும் என் கையைப் பார்க்கும் முன் உன்னைப் பார்த்தார்.

"சார்ஜர்?"

"நிறுத்தச் சொல்லிட்டேன் சார்."

அவ்வளவுதான் உங்கள் பேச்சு. அவருக்கும் எனக்கும் ஒருநாளும் அவ்வளவு குறைந்த சொற்களில் எதுவும் முடிந்ததில்லை. நீ முடிச்சை அவிழ்த்தாய். நான் கையை நீட்டினேன்.

"அவரு என்கிட்ட குடுத்தது அக்கா. அவருகிட்டதான் குடுப்பேன்."

பல வருடங்களுக்குப் பிறகு அவர் படுக்கையில் நோயாகக் கிடந்து இறந்தார். என் வளையல்களைக் கழற்றியபோது நீ கூட்டத்தில் நின்று என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். அன்று அந்த வளையல்கள் உடைந்ததால்தான் இத்தனை காலம் நான் வளையல் போட்டிருந்தேன். உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் பெரிய மனதோடு சொல்லவில்லை.

இன்று காலை, தண்ணீர் ஊற்ற வந்தவரின் செப்புக் காப்பைக் கழற்ற வைத்த பிறகே மறுபடி பேட்டரியைத் தொட விட்டேன். அவர் வேலையை முடிக்கும்வரை வாசலில் நின்றேன். என் விரலில் இருந்த என் கணவரின் மோதிரத்தையும் கழற்றி, சேலை நுனியில் முடிந்தேன். ஒரு முடிச்சு போதவில்லை. உன்னைப்போல் இன்னொன்றும் போட்டேன்.

அங்கே நீங்கள் இருவரும் மறுபடி அளவு சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அவர் விரலைத் தடவிப் பார்த்துக் கேட்டால் சொல், மோதிரம் என்னிடம் இருக்கிறது.