கயிறு எட்டாத தூரம்

தோரே,

மதியத்துக்கு மேல பனி உருகி ஆறு ஏறிடும். அதான் நானும் பக்கத்து வீட்டு சிக்ரிடும் கயாக் படகைத் தூக்கிக்கிட்டு விடியறப்பவே கிளம்பிட்டோம். பன்னிரண்டுக்குள்ள கீழ்ப்பாலத்துல கரையேறிடுவோம். ரெண்டு மணி வரைக்கும் போன் வரலைன்னா மீட்புப் படையைக் கூப்பிடு. நீ தண்ணில இறங்காதே.

மீன் சூப் அடுப்பு மேல இருக்கு. வெறும் காபியோட நிறுத்திடாதே.

பெரிய பாறைகிட்ட படகை விட்டு இறங்கி, கரையோரமா நடந்து தண்ணி எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுத்தான் போவோம். போன வருஷம் என் தம்பி அஸ்லாக் பாக்காம போய்த்தான் நமக்கு இல்லாம போனான்.

இங்குன்

பி.கு.: அன்னிக்கு நீ அவனுக்கு வீசின கயித்தை எடுத்துட்டுப் போறேன். முன்னாடியே அதை வாசல்ல விரிச்சு அளந்துட்டேன். பதினெட்டு மீட்டர். நீ நின்ன கரையிலேர்ந்து அவன் மாட்டிக்கிட்ட இடம் முப்பதுக்கு மேல. நேத்து "நீ சரியா வீசலை"ன்னு நான் உன்கிட்ட கத்தினப்பவும் எனக்கு அது தெரியும்.