கறுப்பு இழை இல்லாமல் போன போர்வை

பிரியமுள்ள மாமாவுக்கு, உங்கள் மருமகள் எழுதுவது.

நேற்று கொல்லிமலைக்குப் போய்வந்தேன். இதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள் என்று தெரியும். ஆனால் இந்தத் தடவை நீங்கள் பொறுத்துத்தான் கேட்க வேண்டும். எங்களை எத்தனை வருசம் காக்க வைத்தீர்கள்?

போன வருசம் நீங்கள் கடைசியாக நினைவோடு பேசியது என்னிடம்தான். கஞ்சி டம்ளரைத் தள்ளிவிட்டு, "கண்ணு, அந்தப் புள்ள பொழச்சுதான்னு யாருமே கேக்கலியே" என்றீர்கள். எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை, அவ்வளவுதான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பா உலகச் சண்டையின்போது பட்டாளத்துத் துணிக்கிடங்கில் வேலை பார்த்தவர். சண்டை முடிந்ததும் மிஞ்சிய கம்பளி நூலை ஏலத்தில் எடுத்துவந்து, மலையடிவாரத்தில் இருந்த நம் மாட்டுக்கொட்டகையைத் தறிக்கொட்டகை ஆக்கினார். காக்கி நூலைப் பச்சைச் சாயத்தில் முக்கி, மெரூனும் மஞ்சளுமாகப் பட்டை விட்டு அவர் நெய்த போர்வை மலையில் பேர் வாங்கியது. இப்போது பட்டணத்தில் அந்த டிசைனைப் பழைய கால ஸ்டைல் என்று தேடுகிறார்களாம்.

பச்சைக் குழந்தையைச் சுற்றுகிற போர்வை இத்தனை அழகாக இருந்தால் கண் பட்டுவிடும் என்று மலையில் யாரோ சொன்னார்களாம். அன்று முதல் ஒவ்வொரு போர்வையின் மூலையிலும் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு இழையைத் தறியிலேயே கையால் கோத்துவிடுவது நம் வழக்கமானது. குழந்தைக்கு மைப்பொட்டு வைப்பது மாதிரிதான்.

நீங்கள் தலையெடுத்த காலத்தில் பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் அதை நெசவுக் குறை என்று ஒதுக்கினார். நீங்களும் அப்போது படிய வாரிய கிராப்பும் கைக்கடிகாரமுமாகத் திரிந்த ஆள். திருஷ்டியாவது ஒன்றாவது என்று கறுப்பு இழையை நிறுத்தச் சொல்லிவிட்டீர்கள். அப்படி இழை இல்லாமல் இறங்கிய முதல் போர்வையை, மலைமேல் தேவனூர் நாடு என்கிற பகுதியில் பிள்ளை பெற்றிருந்த ஒரு வீட்டுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அடுத்த சந்தையில் மலையாட்கள் பேசிக்கொண்டது உங்கள் காதில் விழுந்தது. அந்தப் பிள்ளை பால் குடிக்கவில்லை, தேறாது போலிருக்கிறது என்று.

அன்றைக்கே கறுப்பு இழையைத் திரும்பப் போட வைத்தீர்கள். ஆனால் அதற்குப் பிறகு மலை ஏறவே இல்லை. விசைத்தறி வந்து, கம்பளி போய் பெட்ஷீட் ஆன பிறகும் ஏறவில்லை. திருஷ்டிக்குப் பயமா என்று கேட்டால், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பீர்கள். அப்படியானால் ஒரு எட்டுப் போய்வரலாமே என்றால் உடனே முழங்கால் வலி வந்துவிடும்.

உங்கள் வருசத் திதி முடிந்ததும் நான் போகிறேன் என்றேன். உங்கள் மகன் ஒரே பிடியாக வேண்டாம் என்றார். "நல்ல சேதியா இல்லீன்னா என்ன பண்ணுவ? தெரியாமயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, வளைவுக்கு வளைவு தலை சுற்ற, இறங்கித் திரும்பிவிடலாமா என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எப்போதோ வாய்தவறிச் சொன்ன அடையாளம் என்ன? ஓடைக்கு மேலே பெரிய பலாமரம் நிற்கிற வீடு. மாமா, கொல்லிமலையில் பலாமரம் இல்லாத வீட்டைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். டீக்கடையில் ஆரம்பித்து, பார்த்தவர்களிடமெல்லாம் பச்சைப் போர்வை, மெரூன் பட்டை என்று விசாரித்து, மதியத்துக்கு மேல் ஒரு வாசலில் போய் நின்றேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு அம்மா மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். பேர் பொன்னம்மா. நான் யாரென்று சொன்னதும், கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார்.

தொட்டிலில் அவர் மகளின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மேலே நம் போர்வை. பச்சை நன்றாக வெளுத்திருந்தது. ஆனால் மூலையில் கறுப்பு இருந்தது. வேறு வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று குழம்பிப்போனேன். குனிந்து பார்த்தால் அது நெய்த இழை இல்லை. யாரோ ஊசியால் கோணல்மாணலாகத் தைத்தது.

"அது எங்கம்மா தெச்சதுங்க. கறுப்பு இல்லாம வந்திருச்சாம். தறிக்காரங்க மறந்துட்டாங்களாட்டம் இருக்குதுன்னு, எங்கப்பன் இடுப்பு அரணாக்கயித்துல கறுப்பு நூலு பிரிச்சுத் தெச்சிருக்கறாங்க."

"அந்தக் குழந்தை?" என்றேன்.

"நாந்தானுங்க."

உடம்புக்கு என்ன வந்தது என்று கேட்டேன். பால் செரிக்காத மாந்தமாம். வசம்பைச் சுட்டு உரசிக் கொடுத்ததும் தெளிந்துவிட்டதாம். அவ்வளவுதான், அவர் அதைப் பெரிதாகவே பேசவில்லை. அதற்குப் பின் அந்த வீட்டில் பிறந்த தம்பி, தங்கை, அவர் பிள்ளைகள் எல்லோரையும் முதலில் சுற்றியது அந்தப் போர்வையில்தானாம்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன் மாமா. சந்தோசத்தில்தான். உங்கள் நெஞ்சில் அத்தனை காலம் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் என் நெஞ்சுக்கு மாறியிருந்தது போல. அது இறங்கியதும் எனக்குப் பசிக்க ஆரம்பித்துவிட்டது. பொன்னம்மா வீட்டில் மரவள்ளிக்கிழங்கை வெட்கமில்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது அவர் ஒன்று சொன்னார். "அந்தப் போர்வைக்காரரு அப்புறம் வரவே இல்லீங்களே. அவருக்கு என்ன ஆச்சோ, இருக்கறாரோ இல்லியோன்னு எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

நீங்கள் கீழே அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டிருக்க, அவர்கள் மேலே உங்களை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை ஏறியிருக்கக்கூடாதா? உங்களை எதிரில் உட்காரவைத்துத் திட்ட வேண்டும் போலிருக்கிறது.

கிளம்பும்போது ஒரு பை மிளகு கொடுத்தார். உங்கள் போட்டோவுக்கு முன்னால் வைத்து, பிள்ளை நல்லா இருக்குது என்று சொல்லிவிடச் சொன்னார்.

வீடு வந்து சேர்ந்தபோது உங்கள் மகன் வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். என் முகத்தையே பார்த்தார். நல்ல சேதிதான் என்றேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், எனக்கு முந்தி உங்கள் போட்டோவிடம் சொல்லிவிட்டார். கடைசி நாட்களில் உங்கள் காதருகே உரக்கப் பேசுவாரே, அதே சத்தத்தில்.

"அப்பா, அந்தப் புள்ள பொழச்சுருச்சு."

மிளகு உங்கள் முன்னால்தான் இருக்கிறது, வாசம் வருகிறதா? உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி யாரைப் பற்றிக் கெட்ட சேதி காதில் விழுந்தாலும், முழங்கால் வலித்தாலும், மறுநாளே பஸ் ஏறிப் போய் நேரில் கேட்டுவிட்டு வருவேன். நீங்கள் தூங்குங்கள் மாமா.

உங்கள் மூத்த மருமகள்,
சுமதி