பின்னால் தேங்கும் தண்ணீர்

29 ஜூலை 1969, செவ்வாய்

காலையிலிருந்து ஆடிக் காற்று. காயப்போட்ட துணியில் ஒன்று முள்வேலியில், இன்னொன்று எங்கே போனதோ. அணைத் தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. நேற்று இருந்த பாறை இன்று இல்லை.

வேலை: தடுப்பூசி ரிஜிஸ்டர். மண்ணெண்ணெய். குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் நோட்டீஸ் ஒட்ட வேண்டும் (பசை இல்லை). படகு.

படகுதான் முக்கியம். அக்கரைப் பாப்பாத்திக்கு இது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் தங்கவில்லை. போன தடவை பஸ் பிடித்து, ஊரெல்லாம் சுற்றி நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருக்கும். இந்தத் தடவை வலி கண்டால் கரையில் பச்சைத் தழை போட்டுப் புகை காட்டுவார்கள், நான் நேராகத் தண்ணீரில் வருவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பத்து நாள்கூட இல்லை.

பரிசல்காரர் மாதையனைக் கேட்டேன். ஆடி போகட்டும் என்கிறார். "இந்தக் காத்துல பரிசலு சுத்திக்கிட்டே கெடக்கும், அக்கர சேராதுங்கம்மா. பாய் கட்டுன படகுன்னா போவும்."

பாய் கட்டும் படகு இந்தக் கரையில் ஒன்றுதான். நர்ஸ் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் புளியமரத்தடியில் கவிழ்ந்து கிடக்கிறது. என் வீட்டுக்காரருடையது. அணையில் மீன் பிடிக்க என்று கடலோரத்திலிருந்து லாரியில் கொண்டுவந்தார், அப்போதே பழசு. இரண்டு வருஷம் முன்னால் தங்கை கல்யாணம் என்று ஊருக்குக் கிளம்பினார். பொம்மிடியில் நான்தான் ரயில் ஏற்றிவிட்டேன். பத்து நாளில் வருகிறேன் என்றார். அந்தத் தங்கைக்கு இப்போது பிள்ளையே நடக்கும்.

31 ஜூலை, வியாழன்

காற்று அப்படியே. மாதையன் நேற்று முழுக்க உட்கார்ந்து, பரிசலுக்குப் பூசுகிற மாதிரி படகின் அடி பூராவும் தார் பூசினார். இன்று நாலு பேர் பிடித்துத் தள்ளி இறக்கினோம். நான் ஏறி உட்கார்ந்து முந்தானையைச் செருகுவதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர். ஒவ்வொரு பலகைச் சந்திலும் ஊற்று. மாதையனுக்கு ரோஷம். பரிசல் தோலுக்கு நிற்கிற தார் மரத்துக்கு ஏன் நிற்கவில்லை என்று தாரைத் திட்டினார்.

என் வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது: காய்ந்த மரம் தண்ணீர் குடித்தால்தான் உப்பிச் சந்தை மூடும். தாரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். கல் ஏற்றிப் படகையே மூழ்கடித்து வைத்தோம். ஓட்டையை அடைக்கத் தண்ணீருக்குள் போடுகிறேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

வலைக்காரர் ஒருவர் நின்று, யார் படகு என்று கேட்டார்.

"வூட்டுக்காரருதுங்க."

"அவரு வந்துட்டாருங்களா?"

வருவார் என்றேன். நாக்கு கூசவில்லை, பழகிவிட்டது.

சாப்பாடு: மோர், ஊறுகாய். இன்னும் இரண்டு பேருக்கு அரிசி போடுகிறேன். மறுநாள் பழையதும் நானே.

2 ஆகஸ்ட், சனி

ஆடிப் பதினெட்டு. கரையெல்லாம் கூட்டம், புதுச் சேலை, சித்திரான்னம். ஆளுக்கொரு உருண்டை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்து தனியாகத் தின்றேன். படகு தண்ணீருக்கடியில். மேலே பூ மிதக்கிறது.

அரூரிலிருந்து அண்ணன் கடிதம். மாற்றல் கேட்டு வந்துவிடு, ஒற்றையாக அங்கே என்ன இருக்கிறது என்று. பதில் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள அண்ணனுக்கு" வரைக்கும் எழுதினேன்.

தனியாக இருப்பது கஷ்டமில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறேன். கஷ்டம்தான். இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

மாதா கோவில் பூசைக்குப் போகவில்லை. கல்லை இறக்கிப் படகை மேலே கொண்டுவந்து இறைத்தோம். அவர் சொன்னது சரி. சந்தெல்லாம் மூடிக்கொண்டது. ஆனால் எங்கோ ஒன்று பாக்கி. ஒரு மணி நேரத்தில் பின்பக்கம், நான் உட்காரும் பலகைக்கு அடியில், அரை வாளி. அங்கேயே தடவித் தடவிப் பார்த்தேன். மாதையன் அங்கே இன்னும் தார் அப்பினார். மறுபடி அரை வாளி.

இங்கிருந்து போவதற்கு ஒரு மணி நேரம். அலையில் இன்னும் கூடும். நான் சுக்கான் பிடிப்பேனா, இறைப்பேனா?

5 ஆகஸ்ட், செவ்வாய்

கண்டுபிடித்தேன்! நானே.

வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து அலமாரியில் இருந்தது. வெளியிலிருந்து வருகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியாவிட்டால், உள்ளேயிருந்து வெளியே விட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. படகைக் கரையேற்றிக் கல்மேல் வைத்து, உள்ளே குடம் குடமாக ஊற்றி, ஒரு பாட்டில் மருந்தைக் கலந்தேன். இரண்டு பேரும் அடியில் படுத்துப் பார்த்தோம். பின்பக்கம் ஒரு சொட்டு இல்லை. முன்னால், பாய்மரம் நிற்கிற கட்டைக்கு நேர் கீழே, தார்மேல் ஊதாக் கோடு. நுழைவது முன்னால். உள்ளுக்குள் ஓடி வந்து தேங்குவது பின்னால். இரண்டு நாளாகத் தேங்குகிற இடத்தையே தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாதையன் பாதம் இரண்டும் ஊதா. சம்சாரம் என்ன கேட்குமோ என்று கவலைப்பட்டார்.

கட்டையைப் பெயர்த்தோம். பலகையில் கணு விழுந்த ஓட்டை, விரல் நுழையும். உள்ளே குங்கிலியப் பிசின் வைத்துத் திணித்த துணி, மக்கிப் போய். குறடு போட்டு இழுத்தேன். அலசினால் கிளிப்பச்சை, மாம்பழக் கரை.

என் சேலை.

அந்தச் சேலையில் ஒரு முழம் காணோம் என்று, ஐந்து வருஷம் முன்னால், துணி வெளுக்கும் செவத்தாளை வாசலில் நிற்கவைத்துக் கேட்டேன், நாலு பேர் பார்க்க. நீதான் கிழித்தாய் என்றேன். அவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். வாயைத் திறக்கவில்லை, மனுஷன். அதற்குப் பிறகு செவத்தாள் என் வாசலுக்கு வரவில்லை.

ஊருக்குப் போகும்வரை மூன்று வருஷம் என் சேலைமேல் மிதந்திருக்கிறார்.

ஓட்டையை அடைக்கத் துணி வேண்டும். பெட்டியில் அவர் வேட்டி ஒன்று இருக்கிறது, வந்தால் கட்ட என்று மடித்து வைத்தது. ஒரு முழம் கிழித்தேன். கிழிகிற சத்தம் நன்றாக இருந்தது. அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி, துணியில் தோய்த்து, திணித்து, மேலே ஒரு ஆப்பு. மாதையன் அடித்தார்.

6 ஆகஸ்ட், புதன்

காலையிலிருந்து மதியம் வரை படகு தண்ணீரில். உள்ளே ஈரம் மட்டும். இறைக்க ஒன்றுமில்லை.

செவத்தாள் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்றேன். துவைத்துக்கொண்டே, "அப்பவே தெரியும்ங்கம்மா. ஐயா கிழிச்சத நான் பாத்தேன்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அவர நம்புனீங்க, உங்களுக்கு இருந்தது அவரு ஒருத்தருதான்" என்றாள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். வெகு நேரம்.

8 ஆகஸ்ட், வெள்ளி

பத்து மணிக்குப் புகை. பை தயாராக இருந்தது. மாதையன் துடுப்பு, நான் சுக்கான், பாய் ஒரு பக்கம் சாய்ந்து படபடவென்று. நடுவில் அலை பெரிது, பயந்தேன். குனிந்து பலகைக்கு அடியில் கை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் தேங்கவில்லை.

பெண். நீலமாக வந்தது, மறுபடியும் கழுத்தில் கொடி. கழற்றினேன். வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, தேய்த்து, தேய்த்து. அழுதது. பாப்பாத்தி என் கையை விடவே இல்லை.

சாயங்காலம் பாப்பாத்தியின் மாமியார் கரை வரைக்கும் வந்தார். படகைச் சுற்றிப் பார்த்தார். ஊதாக் கறையைத் தொட்டார்.

"யாரு படகுங்க இது?"

மாதையன் பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னுதுங்க" என்றேன்.