பிழைகளை நாம் தின்ற மேசை

இன்று காலை வனிலாப் போத்தலைத் திறந்தேன். மணம் வந்ததும், நீ நிற்பதற்கு இடம் விட்டு வழக்கம்போலக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். நீ இல்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது. அழுகை வரவில்லை. மூன்று கேக்குகளுக்குப் பெயர் எழுத வேண்டியிருந்தது, எழுதினேன்.

நாம் இருவரும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். நான் மஹய்யாவையிலிருந்து நடந்து வருவேன். நீ அக்குறணை பஸ்ஸில் வந்து இறங்குவாய். இந்தப் பேக்கரியில் தட்டுக் கழுவினோம். இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுதப் பழகினால் கேக்கில் பெயர் எழுதும் ஐசிங் மேசைக்கு மாற்றுவதாக முதலாளி சொன்ன மறுநாளே, உன் பழைய பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டுவந்தாய்.

கவிழ்த்த தட்டில், மிஞ்சிய ஐசிங்கால் எழுதிப் பழகினோம். எழுதியது பிழை என்றால் எழுதியவளே அதை வழித்துத் தின்ன வேண்டும். அது நீ போட்ட சட்டம். ‘ரோஸ்’ என்று இங்கிலீஷில் எழுதும்போது கடைசி ‘ஈ’யை விட்டுவிட்டேன். நீ வாசித்துப் பார்த்துச் சிரித்தாய்.

“ரொஸ்ஸாம்! ஆருடி அது, ஒண்ட சொந்தக்காரியா? தின்னு, தின்னு. மொதலாளி வாறதுக்குள்ள தின்னு.”

கடைசி ‘ஈ’ வாய் திறக்காது, ஆனால் முன்னால் உள்ள எழுத்தை அதுதான் நீட்டிப் பேச வைக்கும் என்று சொல்லித் தந்தாய். “ஒன்ன மாதிரித்தான். நீ பேசாம பக்கத்துல நிண்டா, நான் நாலு பேருக்குப் பேசுவன்.”

உண்மைதான். சம்பளம், லீவு, சாப்பாட்டு நேரம், எல்லாவற்றையும் எனக்காக முதலாளியிடம் கேட்டது நீதான்.

அந்தத் திங்கட்கிழமை உன் கை நெருப்பாய்ச் சுட்டது. “எனக்கு ஏலா புள்ள. நீ போய் மொதலாளிக்கிட்டச் செல்லு, வீட்ட போகணும் எண்டு.” அவருடைய அறைக் கதவு வரை போனேன். அவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். நீ இரண்டு பெனடோல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அன்றும் மறுநாளும் தட்டுக் கழுவினாய். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். வெள்ளிக்கிழமை உன்னை அடக்கினார்கள். வாசலில் நின்ற உன் உம்மாவிடமும், அந்தக் கதவிலிருந்து திரும்பி வந்ததை நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் என்னை ஐசிங் மேசைக்கு மாற்றினார்கள்.

போன கிழமை, மா பிசையும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல். முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே போனேன்.

“அக்காவுக்குக் காய்ச்சலுங்க. வீட்டுக்கு அனுப்புங்க.”

போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “சரி, போகச் சொல்லு” என்றார்.

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மேசைக்குத் திரும்பி எழுதினேன். ஓர் எழுத்துக் கோணலாகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் சட்டப்படி வழித்துத் தின்றேன். இனிப்புத் தெரியவில்லை.