மூன்றாவது முடிச்சு

மதினி,

அன்று மணவறையில் உங்கள் இரண்டு முழங்கைகளும் என் தோள்களில் அழுந்தியிருந்தபோது, 'போதும், விட்டுருங்க' என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்ல பெண் என்றுதான் சபை என்னை நினைத்திருக்கும்.

இன்று பீரோவை ஒதுங்கவைத்தபோது உங்கள் சீப்பு அகப்பட்டது. அதன் பிடியோடு ஒரு முழ மூங்கில் சிம்பைச் சேர்த்து, வேலை பார்த்த பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்த கட்டுநூலால் நீங்களே இறுக்கிச் சுற்றியது. தோளுக்கு மேல் கை எழாத நாட்களிலும் உங்கள் தலையை நீங்களே வாரிக்கொண்டீர்கள். நான் பின்னிவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "எதுக்கு? என் தலை எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். சீப்பில் இரண்டு நரைமுடி சிக்கியிருந்தது. நீங்கள் கண்மூடியபின் வருகிற முதல் ஆடி இது. அவற்றை எடுக்காமல் அப்படியே வைத்துவிட்டேன்.

நான் உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஆமத்தூருக்கு வருவதற்கு முன்பே உங்களுக்கு முடக்குவாதம் வந்துவிட்டது. சிவகாசியில் காலண்டர் தாள் அடுக்கும் வேலை. முதலில் விரல் கணுக்கள் வீங்கின, பிறகு தோள். தோளின் சதை வற்றிப் பலம் குறைந்துவிட்டது என்றார் மதுரை டாக்டர். கம்பெனியில் நின்றுகொள்ளச் சொன்னார்கள். "கைதானே போச்சு, கண்ணு இருக்குல்ல" என்று அச்சுப்பிழை பார்க்கும் மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். கல்யாணமான புதிதில் நான் நூலகத்தில் இந்த நோயைத் தேடிப் படித்துவிட்டு, உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிறதாம் என்று பக்குவமாக விளக்க வந்தேன். "வீட்டு நாயே வீட்டாளக் கடிக்குதுன்னு சொல்லு. அதுக்கு எதுக்கு இம்புட்டு இழுவை?" என்று சிரித்தீர்கள்.

இந்த நோய்க்கு விடியற்காலை ஆகாது. எழுந்ததும் உங்கள் விரல்கள் விறைத்துக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகே மடங்கும். எங்கள் முகூர்த்தமோ காலை ஆறு மணிக்கு. முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற இரண்டும் அவருடைய அக்காவுக்கு உரியவை. முந்தின நாளே விருதுநகர் மண்டபத்தில் உங்கள் பெரியம்மா ஆரம்பித்துவிட்டார்கள். மணப்பெண் அறையில் இருந்த எனக்கு எல்லாமே கேட்டது.

"அடியே, முடிச்சு நழுவுனா சபையில என்ன பேசுவாக? சித்தி மக போடட்டும்."

"தம்பிக்கு அக்கான்னு நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். முடிச்சுப் போட வாடகைக்கு ஆள் பிடிக்கப் போறீகளா?"

"கோவத்தப் பாரு. எங்க, கைய ஒசத்திக் காட்டு பாப்போம்."

"காலையில வாங்க, காட்டுறேன்."

விடியுமுன் சமையல்கட்டில் வெந்நீர் கேட்டு வாங்கி, அதில் கைகளை முக்கிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன்.

கெட்டிமேளம் கொட்டியது. உங்கள் தம்பி தன் முடிச்சைப் போட்டுவிட்டார். எனக்குப் பின்னால் நீங்கள். வலது கை எழவில்லை. இடது கையால் அதைத் தூக்கி என் தோளில் வைத்தீர்கள். பிறகு இடது முழங்கையும் வந்து ஊன்றியது. "தாங்குவியா தாயி?" என்று காதோரம் கேட்டீர்கள். தலையாட்டினால் கயிறு நழுவும் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன். இரண்டாவது முடிச்சு விழுந்தது. மூன்றாவது நழுவியது. மறுபடி நழுவியது. எல்லோர் கையிலும் அட்சதை தீர்ந்துபோயிற்று. நாயனக்காரர் மட்டும் விடாமல் வாசித்தார். வீடியோக்காரர் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். சித்தி மகள் மெல்லக் கை நீட்டினாள்.

"கைய எடு" என்றீர்கள்.

அடுத்து உங்கள் மூச்சு என் பிடரியில் சுட்டது. கயிற்றின் ஒரு நுனியை விரலிலும் மறுநுனியைப் பல்லிலும் பிடித்து இழுத்தீர்கள். முடிச்சு இறுகியது.

"ஐயய்யோ, எச்சி!" என்றார்கள் பெரியம்மா.

"வெளக்கித்தான் வந்தேன் பெரியம்மா."

சபை சிரித்தது. நாயனக்காரருக்குச் சிரிப்பில் வாசிப்பு தடுமாறியது. கல்யாண சி.டி.யில் அந்த இடம் வந்தால் உங்கள் தம்பி கூச்சப்பட்டு ஓட்டிவிடப் பார்ப்பார். நான் விடமாட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன். அதிகம் பேசாதவள் என்று எனக்குப் பெயர். ஆனாலும் 'இது எங்க மதினி' என்று மட்டும் நானே முந்திக்கொண்டு சொல்வேன். யாராவது திணறித் திணறி ஒரு வேலையைச் செய்யும்போது, குறுக்கே கை நீட்டாமல் பக்கத்தில் நிற்பதற்கு அன்றுதான் பழகினேன்.

மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்கப் பெரியம்மாவே வந்து உட்கார்ந்தார்கள். நகத்தால் நிமிண்டினார்கள். ஊக்கை விட்டு நெம்பினார்கள். மூன்றாவது முடிச்சு அசையவில்லை. நீங்கள் எதிரே காப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் பெரியம்மா குனிந்து பல்லை வைத்தார்கள்.