தில்லை இலையும் அப்பா கண்ணும்

சிதம்பரம்
16.11.2008

அன்பு மகள் வினோதினிக்கு, அம்மா ஆசீர்வாதத்தோட எழுதறது. லக்னோவுல குளிர் ஆரம்பிச்சிருக்கும், நீ சுகமா இருக்கணும்னு நடராஜர வேண்டிக்கிறேன். இங்க நான் நல்லா இருக்கேன். அப்பா விஷயந்தான் எழுதணும். பதறாம படி, இப்ப தேவல.

போன மாசம் போன்ல அழுதியே, தில்லை இலைக்குள்ள இருக்கற பூஞ்சையில ஆஸ்பத்திரி கிருமிய சாகடிக்கற சத்து இருக்குது, ஆனா கொண்டுபோன இலையெல்லாம் வீணாப்போச்சு, புது இலை இல்லாம ஆராய்ச்சியே நின்னுபோச்சுன்னு, அத கேட்டப்பறம் இந்த மனுஷன் சும்மா இருப்பாரா. பஸ்ஸுக்கு லீவு போட்டுட்டு பிச்சாவரம் போயிட்டாரு. படகோட்டற ஆண்டி கையில துணிய சுத்திக்கிட்டு கிளைய ஒடிச்சிருக்கான், பால் பட்டா கண்ணு போயிடும் மாமா, தொடாதீங்கன்னும் சொல்லியிருக்கான். இவரு என்ன பண்ணாரு தெரியுமா, நம்ம ஊருக்கே தில்லைன்னு பேரு குடுத்த சாமி மரமாச்சேன்னு அந்த இலைய வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாரு! கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல, ஆனா வீங்கிப்போன அந்த மூஞ்சிய பாத்து எப்புடித் திட்டறது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில கழுவி மருந்து போட்டாங்க. வலது கண்ணு தெளிஞ்சிடுச்சு, இடது கண்ணு இன்னும் புகையாத்தான் தெரியுதாம். கருவிழியில புண்ணு, ஆறும்னு டாக்டரம்மா சொல்றாங்க, முழுசா ஆறுமான்னு கேட்டா பாப்போங்கறாங்க. ஆறலேன்னா இனிமே ஸ்டியரிங்க புடிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். ரோட்ல ஹாரன் சத்தம் கேட்டா தலைய திருப்பறாரு.

உன்மேல தப்பில்லடி, நீயா பறிக்கச் சொன்ன. உனக்கு தெரிஞ்சா வேலைய போட்டுட்டு ஓடியாந்துடுவன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு, அதான் போன்ல அவருக்கு சளி புடிச்சிருக்குன்னு மழுப்பினது. அப்பறம் ஏன் எழுதறேன்னு கேப்ப. நேத்து சாப்புட்டுக்கிட்டு இருந்தவரு தட்ட தள்ளிட்டு எழுந்துட்டாரு. புது இலை கெடச்சா புள்ள அதத்தானே தினம் அறுக்கும், அரைக்கும், அதுக்கு யாரு சொல்லுவா, உடனே எழுதுடின்னு ஒரே சத்தம்.

ஆராய்ச்சிய விட்டுடாத. வேளாவேளைக்கு சாப்புடு, தலைக்கு எண்ணெ வை. நோய்நொடி இல்லாம நூறு வயசு நல்லா இரு கண்ணு. முக்கியமானத அவரே எழுதணுமாம், பேனாவ புடுங்கறாரு.

இப்படிக்கு,
அம்மா புஷ்பவள்ளி

பாப்பா, கண்ணாடி போடாம இலைய தொடாத. கையிக்கும் உறை போடு. எனக்கு ஒண்ணும் இல்ல, கோடு ரெண்டா தெரியுது, அதான் எழுத்து ஏறி இறங்குது.
அப்பா சபாபதி