பாரிசில் மூன்று நாள்

செவ்வாய்க்கிழமை, மோர்டன்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, அவரும் நானும் மட்டும் பாரிஸ் போக மூன்று நாளுக்கு ஹோட்டல் பதிந்திருந்தேன். ஒருவரிடமும் மூச்சுவிட வேண்டாம் என்று சொல்லியும், இன்று அங்கே இருக்கிற தன் தங்கைக்குப் போனில் சொல்லிவிட்டார்.

அவள் உடனே என்னைக் கூப்பிட்டாள். "நாங்கள் இருக்க ஹோட்டலோ மச்சாள்? மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்திய வீட்டையும் அந்தக் கிழமையே வைக்கிறம். பலகாரம் சுட நீங்கள் வந்தாத்தான் சரி."

"அவள் கேட்டா ஏலாதெண்டு சொல்லலாமோ?" என்றார் இவர்.

பாரிசுக்கு ஏழு தரம் போயிருக்கிறேன். பலகாரம் சுடும் அவளுடைய குசினியைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை.

ஹோட்டலை ரத்துச் செய்துவிட்டேன் என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி. மூன்று நாள் என்னோடு தனியே இருக்கத்தான் பயந்திருக்கிறார்.